வெங்காயத்தை எறியலாம் என்றானதும்: ஓவர்குக்டு முதல் பாகத்திலிருந்து இரண்டாம் பாகத்துக்கு மாறிய ஒரு குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரில் உள்ள ஒரு சனசமூக நிலையத்தில் நடந்தது இது. முன்பக்கம் வாசிகசாலை, பின்னால் ஒரு சின்ன அறை. அந்த அறையில் ஒரு பழைய கணினி, கனடாவிலிருந்து வந்துபோன ஒருவர் விட்டுச்சென்ற பெரிய ரிவி, இரண்டு கேம்பேட். ஆகஸ்ட் லீவில் கச்சான் காற்று அனலாக அடிக்கும், மத்தியானத்தில் டச்சுபே மணலில் கால் வைக்க ஏலாது, அதனால் வெயில் தாழும் வரைக்கும் பிள்ளைகள் இந்த அறையில்தான் கிடப்பார்கள். அறையின் பொறுப்பு என்னிடம் இருந்தது.

வழமையாக வந்தவர்களில் நாலு பேரைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். பல்கலைக்கழக லீவில் வந்திருந்த ஒரு அண்ணா, கேம் விஷயத்தில் கை மிக வேகம். ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த ஒரு அக்கா. அவருடைய தங்கை, ஒன்பது வயது. கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வரும் பதினான்கு வயதுத் தம்பி ஒருவன், அதிகம் கதைக்கமாட்டான். மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

கணினி கேம்களை வாங்கி வைக்கும் இணையக் கடையான ஸ்டீமில் அண்ணாவுக்கு இருந்த கணக்கில் ஓவர்குக்டு முதல் பாகம் இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோஸ்ட் டவுன் கேம்ஸ் என்ற மிகச் சிறிய பிரிட்டிஷ் நிறுவனம் உருவாக்கி, டீம்17 2016-ல் வெளியிட்ட கேம் இது. நாலு பேர் வரை ஒரே திரையில் சமையல்காரர்களாக நின்று, வரும் ஓடர்களை நேரத்துக்குள் சமைத்துக் கொடுக்க வேண்டும். வெங்காய சூப் என்றால் மூன்று வெங்காயம் எடுத்து, ஒவ்வொன்றாக வெட்டி, பானையில் போட்டு, வெந்ததும் தட்டில் ஊற்றி, கொடுக்கும் இடத்தில் வைக்க வேண்டும். பானையைக் கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கும். சில இடங்களில் அழுக்குத் தட்டு திரும்பி வரும், அதையும் கழுவ வேண்டும். 2017 பாஃப்டா விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் கேம், சிறந்த குடும்ப கேம் என இரண்டையும் இதுதான் வாங்கியது. குடும்ப கேம் என்று விருது வாங்கியதைத்தானே விளையாடப்போகிறோம், ஒன்பது வயதும் இருபத்திரண்டு வயதும் ஒன்றாக இருக்கும் அறைக்குச் சரியாகப் பொருந்தும் என்று நினைத்துத்தான் தொடங்கினோம்.

இரண்டு பேட்தான் இருந்தாலும் ஒரு பேடை இரண்டு பேர் பாதி பாதியாகப் பிடித்து விளையாட இந்த கேம் விடும். ஆக நாலு பேருக்கும் இடம் கிடைத்தது.

முதல் பாகத்தில் கவனித்தவை

முதல் சில லெவல்கள் சிரிப்போடு போயின. அப்புறம் சத்தம் கூடியது. சத்தம் கூடினால் பிரச்சினை இல்லை, இந்த கேமே சத்தத்துக்காகச் செய்ததுதான். ஆனால் யார் கத்துகிறார்கள், யாரைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்பது ஒரே மாதிரி இருக்கத் தொடங்கியது. அண்ணா கத்துவார், சின்னவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். கிண்ணியாத் தம்பி ஒன்றும் சொல்லாமல் பேடைப் பக்கத்திலிருந்தவனிடம் நீட்டிவிட்டு வாசிகசாலைக்குப் போய்ப் பத்திரிகை பார்ப்பான். அடுத்த முறை கூப்பிட்டால் "நீங்க விளையாடுங்கோ, நான் பார்க்கிறன்" என்பான்.

அக்காதான் ஒரு கொப்பியை எடுத்து, சண்டை வரும்போதெல்லாம் அது எதனால் வந்தது என்று ஒரு சொல்லில் எழுதத் தொடங்கினார். இரண்டு வாரம் போன பிறகு எடுத்துப் பார்த்தோம். "தட்டு இல்லை", "கருகிட்டு", "ஓடர் மாறிட்டு" என்றெல்லாம் இடைக்கிடை இருந்தது. ஆனால் பக்கம் பக்கமாக வந்த சொல் "வழி". வழியை மறிச்சிட்டாள், வழியில நிக்கிறான், வழி விடேல்ல.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால் காரணம் தெளிவாக விளங்கியது. முதல் பாகத்தில் எந்தப் பொருளையும் கையில் தூக்கிக்கொண்டு நடந்தே ஆக வேண்டும். ஒடுங்கிய குசினியில் நடுவே நீளமாக ஒரு மேசை கிடக்கும், ஓரத்தில் ஒரு ஆள் போகிற அளவுக்குத்தான் இடம். பெட்டியிலிருந்து வெங்காயத்தை எடுத்து வெட்டும் பலகைக்குக் கொண்டுபோக ஒரு நடை, வெட்டியதைப் பானைக்குக் கொண்டுபோக இன்னொரு நடை. கை வேகமானவர் இரண்டு நடை போய் வருவதற்குள் கை மெதுவானவர் அரை நடைதான் போயிருப்பார், அதுவும் சரியாக அந்த ஒடுங்கிய இடத்தின் நடுவில் நிற்பார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளையாடத் தெரியாமல் இல்லை. அவள் வெங்காயத்தை ஒழுங்காகத்தான் கொண்டுபோனாள். ஆனால் அவள் திரையில் இருப்பதே மற்ற மூவருக்கும் இடைஞ்சலாகிவிட்டது. அவள் இல்லாவிட்டால் மூன்று பேரும் கூடுதலாக ஓடர் கொடுத்திருப்பார்கள் என்பதும் உண்மை, அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு மிகவும் பாரமாக இருந்தது.

இதில் இன்னொன்று. ஒவ்வொரு லெவலிலும் எடுக்கும் புள்ளிக்கு ஏற்ப மூன்று ஸ்டார் வரை கிடைக்கும், முதல் பாகத்தில் போதுமான ஸ்டார் சேர்ந்தால்தான் அடுத்தடுத்த லெவல் திறக்கும். ஆகவே "பரவாயில்லை, ஒரு ஸ்டார் போதும்" என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு போக முடியாது. தெருவில் ஓடும் இரண்டு லொறிகளில் சமைக்கும் லெவலும், பனிக்கட்டியில் வழுக்கும் லெவலும் வந்தபோது சின்னவளின் சமையல்காரர் திரும்பத் திரும்பத் தண்ணீரில் விழுந்தார். அந்தப் பின்னேரத்தோடு அவளும் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

முதலில் எடுத்த முடிவுகள்

உடனே கேமை மாற்றவில்லை. விளையாடும் முறையை மாற்றிப் பார்த்தோம், ஏனென்றால் காசு செலவழிக்காமல் சரிவரும் என்றால் அதுதான் நல்லது.

ஆளுக்கொரு வேலை என்று பிரித்தோம்: ஒருவர் வெட்ட, ஒருவர் அடுப்பு பார்க்க, ஒருவர் தட்டு கழுவ, ஒருவர் கொடுக்க. இதனால் முட்டுப்படுவது கொஞ்சம் குறைந்தது. ஆனால் சின்னவர்களுக்கு எப்போதும் கழுவும் வேலையே விழுந்தது, தொட்டி முன்னால் நின்று ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருப்பது. வீட்டில் எப்படியோ அப்படியே இங்கேயும் என்று அக்கா சொன்னார், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அண்ணாவை விலக்கிவிட்டு மற்றவர்களை மட்டும் விளையாட விட்டும் பார்த்தோம். அமைதியாக இருந்தது, ஆனால் லெவல் நகரவில்லை, இரண்டு நாளில் சலித்துவிட்டது.

அண்ணாவோடு தனியாகக் கதைத்தேன். அவர் கெட்ட பிள்ளை இல்லை. தான் கத்துவது தனக்கே தெரியவில்லை என்றார், தெரிந்த பிறகு குறைத்தும் கொண்டார். ஆனாலும் அந்த ஒடுங்கிய வழி அப்படியேதான் இருந்தது. நல்ல பண்பு இருந்தால் குறையக்கூடிய சண்டை வேறு, இடமில்லாததால் வரும் சண்டை வேறு. எங்களுடையது இரண்டாவது வகை.

இரண்டாம் பாகம் வாங்கியது

2018 ஆகஸ்ட் 7 அன்று வந்த ஓவர்குக்டு 2-ஐ ஸ்டீம் தள்ளுபடி ஒன்றில் வாங்கினோம். இரண்டு பாகங்களையும் புதுப்பித்து ஒன்றாகத் தரும் 'ஆல் யூ கேன் ஈட்' என்ற பதிப்பும் இருக்கிறது. எங்கள் கணினி அதைத் தாங்குமா என்ற சந்தேகத்தில் அதை எடுக்கவில்லை. இரண்டாம் பாகத்தைத் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம், அதில் பொருட்களை எறியலாம் என்று அக்கா வாசித்திருந்தார். கொப்பியில் "வழி" என்று எழுதிய ஆளுக்கு அதுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

எறிவது என்றால் எல்லாவற்றையும் இல்லை. சமைக்காத பொருளை எறியலாம், வெட்டியதையும் எறியலாம். சமைத்ததையும் தட்டில் வைத்ததையும் எறிய முடியாது, அதைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்தால் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு அம்புக்குறி காட்டும், விட்டால் பறக்கும். எதிரே நிற்பவர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். நேரே பானைக்குள் எறிந்தாலும் உள்ளே விழும். குறி தப்பினால் தரையில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரிலோ பள்ளத்திலோ விழுந்தால் போய்விடும்.

இந்த எல்லை போட்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. எல்லாவற்றையும் எறியலாம் என்று விட்டிருந்தால் யாரும் நடக்கவே தேவையில்லை, கேம் செத்துப்போயிருக்கும். பொருட்களைச் சேர்க்கும் பாதி வேலைக்குத் தூரம் இல்லாமற் போய்விட்டது. முடித்துக் கொடுக்கும் மறுபாதியில் தூரம் அப்படியே இருக்கிறது.

சின்னவளை அக்கா வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அவள் பேடின் பாதியைப் பிடித்துக்கொண்டு பெட்டிப் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான், நகரவே இல்லை. முதல் எறி மேசைக்கு அப்பால் போய்த் தரையில் விழுந்தது. அடுத்தது சரியாகக் கிண்ணியாத் தம்பியின் கையில். அவன் வெட்டிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நின்றது. பெருவிரலை அழுத்தி, அம்புக்குறி நேராகும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் விடுவாள். அவசரப்படாத கை எறிவதற்கு நல்ல கை என்பதை அன்று பார்த்தோம். அண்ணா அவசரத்தில் எறிந்து பாதியைத் தண்ணீரில் விட்டார். "அண்ணா, நீங்க எறியாதீங்கோ, நான் தாறன், நீங்க தட்டைக் கொண்டுபோங்கோ" என்று அவளே சொன்னாள். அண்ணாவும் கேட்டார்.

அன்றைக்குக் கொப்பியில் "வழி" எழுதப்படவில்லை. பிறகு எழுதப்பட்டது, ஆனால் எப்போதாவது.

மாறிய மற்றவை

ஓடர் வரிசை ஒன்று. இரண்டாம் பாகத்தில் ஓடர்களை வந்த ஒழுங்கிலேயே கொடுத்தால் டிப்ஸ் பெருகிக்கொண்டே போகும், நாலு மடங்கு வரைக்கும். ஒழுங்கு மாறினால் திரும்பவும் முதலிலிருந்து. ஆகவே மேலே வரிசையாக நிற்கும் ஓடர்களைப் பார்த்து அடுத்தது என்ன என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இதைக் கிண்ணியாத் தம்பி எடுத்துக்கொண்டான், யாரும் கேட்கவில்லை. "தக்காளி சலாட், அதுக்குப் பிறகு வெறும் இலை, அதுக்குப் பிறகு திரும்பவும் தக்காளி" என்று மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே வெட்டுவான். அவன் குரல் மெதுவானது என்பதால் மற்றவர்கள் சத்தத்தைக் குறைக்க வேண்டி வந்தது. அந்த அறையில் சத்தம் தானாகக் குறைந்தது அதனால்தான் என்பது என் கணிப்பு.

இன்னொன்று, நடுவில் முழுக்க மாறிவிடும் குசினிகள். முதல் பாகத்திலும் கப்பல் ஆடும், மேசை நகரும், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டாம் பாகத்தில் சூடான காற்றுப் பலூனில் சலாட் செய்துகொண்டிருப்பீர்கள், பலூன் கீழே விழுந்து இன்னொரு குசினிக்குள் உடைந்துபோகும், அங்கே சூஷி கேட்பார்கள். அண்ணாவிடம் முன்கூட்டியே ஒரு முழுத் திட்டம் இருக்கும், யார் எங்கே நிற்பது என்று. பலூன் விழுந்ததும் அந்தத் திட்டம் போயிற்று. அந்த அரை நிமிஷத்தில் யார் முதலில் "சோறு இங்க இருக்கு", "மீன் பெட்டி இந்தப் பக்கம்" என்று சொல்கிறார்களோ அவர்கள் சொல்வதுதான் நடக்கும். பெரும்பாலும் சின்னவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குக் கட்டளை போடும் நிலை அந்த நேரத்தில் இல்லாமற் போகிறது, ஏனென்றால் அப்போது யாருக்குமே தெரியாது.

கதை, புது வேஷங்கள், உயிர்பெற்று வரும் பாண் பிசாசுகள் இவை பற்றி எழுத அதிகமில்லை. பிள்ளைகளுக்கு முதல் நாள் பிடித்தது, அதோடு சரி.

கனடாவோடு விளையாடிய ஞாயிறுகள்

முதல் பாகத்தில் இணையம் வழியாக விளையாடும் வசதி கிடையாது. ஸ்டீமின் ரிமோட் ப்ளே டுகெதர் மூலம் முயலலாம், அது எங்கள் கணினியின் படத்தையே மற்றவருக்கு அனுப்பும் முறை. எங்கள் இணைப்பில் படம் இழுபட்டது, கைவிட்டோம். இரண்டாம் பாகத்தில் ஒன்லைன் உள்ளேயே இருக்கிறது. அக்காவின் மச்சான் முறையான ஒரு பெடியன் ரொறன்ரோவில் இருக்கிறான். அங்கே கோடைகாலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், இங்கே பின்னேரம் ஆறு மணி என்றால் அங்கே காலை எட்டரை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எழும்பிவந்து சேர்ந்துகொண்டான்.

நன்றாகப் போனது என்று முழுதாகச் சொல்ல முடியாது. அவனுடைய எறி சில நேரம் பிந்தி வந்தது. அவன் திரையில் பிடித்த மீன் எங்கள் திரையில் தரையில் கிடந்தது. வேகமாக ஆள் மாறி ஆள் வேலை செய்ய வேண்டிய லெவல்களில் அது பெரிய தடை. நாங்கள் எடுத்த முடிவு, அவனுக்கு நேரம் பிசகினாலும் பாதிக்காத வேலையைக் கொடுப்பது: தட்டு கழுவுதல், அடுப்புப் பார்த்தல். ஆற்றில் மிதக்கும் படகுகளில் சமைக்கும் லெவல்களை அவனோடு விளையாடவில்லை.

ஆனாலும் அந்த ஞாயிறுகளுக்கு ஆள் கூடியது. கழுவுகிற வேலை யாருக்கும் பிடிக்காத வேலையாக இருந்தது போய், "கனடா அண்ணா கழுவுறார்" என்று அதற்கும் ஒரு மதிப்பு வந்தது. அவனுடைய அம்மா பின்னால் வந்து நின்று அறையைக் காட்டச் சொல்லி, சனசமூக நிலையத்துச் சுவரையும் ஜன்னலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேம் கொஞ்ச நேரம் நின்றது, நிற்கட்டும் என்று விட்டோம்.

விளைவு

லீவு முடியும்போது வழமையாக வருவோர் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள், சின்னவளும் கிண்ணியாத் தம்பியும் உட்பட. பெரியவர்கள் சின்னவர்களை விரட்டுவது நின்றது என்று சொல்லமாட்டேன், குறைந்தது. அண்ணா கம்பஸ் திறந்து போய்விட்டார், அவர் கணக்கு கணினியில் இருக்கிறது.

அவர் போவதற்கு முன் எல்லோருமாகத் திரும்ப முதல் பாகத்தைப் போட்டுப் பார்த்தோம். எறிய முடியாது என்று தெரிந்தும் சின்னவள் இரண்டு முறை பட்டனை அழுத்தினாள். ஆனால் இம்முறை முட்டுப்படுவது முன்பைவிடக் குறைவு. ஒருவர் மேசையில் வைக்க மற்றவர் அங்கிருந்து எடுக்கும் பழக்கம் அவர்களுக்கு வந்திருந்தது, எறிவதற்குப் பதிலாகக் கைமாற்றினார்கள். முன்பு தண்ணீரில் விழுந்துகொண்டிருந்த பனிக்கட்டி லெவலை இரண்டு ஸ்டாரோடு முடித்தார்கள். முதல் பாகம் மோசமான கேம் இல்லை என்பதை அப்போது உறுதியாகச் சொல்ல முடிந்தது. இடத்தைப் பங்கிடத் தெரிந்த நாலு பேருக்கு அது இரண்டாம் பாகத்தைவிட இறுக்கமான, நல்ல கேம் என்றுகூட எனக்குப் படுகிறது. பங்கிடக் கற்றுக்கொள்ள இடம் தருவது இரண்டாம் பாகம். நாங்கள் விளையாடிய வரிசை தலைகீழாக இருந்தது.

அடுத்த லீவில் மாற்றுவது

வயது கலந்த குழு என்றால் இரண்டாம் பாகத்தில் தொடங்கி, பிறகு முதல் பாகத்துக்குப் போவோம். ஒவ்வொரு லெவலுக்கும் எறிபவரும் ஓடர் சொல்பவரும் மாற வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவோம், ஏனென்றால் கடைசி வாரத்தில் சின்னவள் பெட்டியை விட்டு வர மறுக்கத் தொடங்கினாள், அவளுக்குப் பிறகு வந்த இன்னொரு சின்னப் பையனுக்கு அங்கே இடமில்லாமற் போனது. மூன்று ஸ்டார் வேண்டும் என்பவர்களுக்குத் தனி நேரம், ஐந்து மணிக்கு முன்.

கணினிக்கு ரம் (நினைவகம்) கூட்ட ஒரு நண்பர் சம்மதித்திருக்கிறார். அது சரிவந்தால் 'ஆல் யூ கேன் ஈட்' எடுப்பதாக இருக்கிறோம். அதில் உதவி முறை ஒன்று உண்டு: லெவலின் நேரத்தைக் கூட்டலாம், ஓடர் காலாவதியாவதைத் தாமதப்படுத்தலாம், முடியாத லெவலைத் தாண்டிப் போகலாம். எழுத்தைப் பெரிதாக்கவும் நிறம் பிரித்தறியச் சிரமப்படுவோருக்கு மாற்றிக்கொள்ளவும் வசதி இருக்கிறது. முதல் பாகத்து லெவல்களையும் அதில் ஒன்லைனில் விளையாடலாம். ஸ்டாருக்காக வழியில் மாட்டிக்கொண்ட அந்த முதல் வாரங்களில் இது இருந்திருந்தால் சின்னவள் வீட்டில் இருந்திருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

அத்தோடு ஒரு யுபிஎஸ். கரண்ட் போய் வந்தால் ஒன்லைன் ஆட்டம் அறுந்துபோகிறது, ரொறன்ரோவில் இருப்பவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் காத்திருக்கிறான்.